சாம் ஷார்ப் : ஒரு சபை ஊழியரின் வாழ்வும் ஒரு தீவின் விடுதலையும்

அடிமை ஒழிப்பு வரலாற்றைப் பேசுங்கால் ஆபிரகாம் லிங்கன், வில்பர்ஃபோர்ஸ் போன்ற பெருமக்களின் பெயர்கள் நம் மாணவர்தம் நாவில் எளிதில் வந்தமைகின்றன. அவர்தம் பெருமை போற்றத்தக்கதே. எனினும் அடிமைத்தளையிலேயே பிறந்து, அத்தளையை அறுக்கத் தாமே முனைந்து, அம்முயற்சியிலேயே உயிர்நீத்த மாந்தரின் பெயர்கள் நம்மிடையே அத்துணை அறிமுகம் பெறவில்லை. அத்தகையோருள் ஒருவர் சாமுவேல் ஷார்ப். சாம் ஷார்ப் எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் இப்பெருமகனாரை ஜமைக்கா நாட்டில் அறியாத பள்ளிப்பிள்ளைகள் இல்லை. இவர் அரசர் அல்லர், படைத்தலைவரும் அல்லர், பாப்டிஸ்டு சபை ஒன்றில் டீக்கன் எனப்படும் ஊழியராய் இருந்த ஓர் அடிமை. இவருடைய வரலாற்றை அச்சபையின் வரலாற்றினின்றும் பிரித்துக் காணல் இயலாது. ஆதலின் இரண்டனையும் இயைத்தே ஈண்டு நோக்குவோம்.

தீவும் கரும்பும்

கரீபியக் கடலில் உள்ள ஜமைக்காத் தீவை 1655ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின் அத்தீவின் மண்ணெல்லாம் படிப்படியே கரும்புத் தோட்டங்களாயின. தோட்டங்களில் உழைப்பதற்கென ஆப்பிரிக்க மக்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து விற்கப்பட்டனர். 1807ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரிட்டிஷ் அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டதாயினும் அடிமை முறை ஒழியவில்லை. 1830ஆம் ஆண்டளவில் தீவில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தனர். அவர்களை ஆண்ட வெள்ளையரோ ஒரு சிறு தொகையினரே. சட்டத்தின் கண்ணில் அடிமை என்பவன் மாடு போலவும் நிலம் போலவும் ஓர் உடைமை. கணவனை ஒரு தோட்டத்துக்கும் மனைவியை மற்றொரு தோட்டத்துக்கும் விற்கலாம். கரும்பு வெட்டும் பருவத்தில் இரவும் பகலும் வேலை வாங்கலாம். மெய் சோர்ந்தவன் முதுகில் சவுக்கு விழும்.

அவ்வாறு கொண்டுவரப்பட்டோருள் முஸ்லிம்களும் இருந்தனர் என்பது நம் கருத்துக்குரியது. மேற்கு ஆப்பிரிக்காவில் கற்றறிந்த குடும்பமொன்றில் தோன்றிய முகம்மது கபா என்பார் 1777ஆம் ஆண்டில் ஜமைக்காவுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டார். 1813இல் அவர் மொராவியச் சபையில் திருமுழுக்குப் பெற்று வேறொரு பெயர் பூண்டார். அதன் பின்னரும் தொழுகை பற்றி அரபு மொழியில் அவர் தம் கையால் எழுதிய ஏடு ஒன்று, ஜேம்ஸ் கோல்ட்டார்ட் என்னும் பாப்டிஸ்டு ஊழியரின் தாள்களோடு சேர்ந்து இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. உடலை விலைக்கு வாங்கியோரால் உள்ளத்தையும் கல்வியையும் விலைக்கு வாங்க முடியவில்லை என்பதற்கு அவ்வேடு ஒரு சான்றாகும். தோட்டத்துக் குடிசைகளில் வாழ்ந்தோர் எழுத்தும் நினைவும் அற்ற வெறுங்கூட்டம் என எண்ணுவது தவறு. இதனை உளங்கொண்டாலன்றி ஷார்ப்பின் வரலாறு நமக்கு விளங்காது.

சபை தோன்றிய வகை

பாப்டிஸ்டு கிறித்தவர்தம் கொள்கைகளுள் இரண்டை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். குழந்தைகட்குத் திருமுழுக்களிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. வயதும் அறிவும் முதிர்ந்தபின் ஒருவர் தாமே நம்பிக்கையை அறிக்கையிட்டு நீரில் மூழ்கித் திருமுழுக்குப் பெறுவார். இஃது ஒன்று. மேலிருந்து ஆளும் ஆயர் எவருமின்றி, ஒவ்வோர் ஊர்ச்சபையும் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும். இது மற்றொன்று. தன் விருப்பம் என ஒன்று இருப்பதாகவே ஒப்பப்படாத அடிமைக்கு, தன் விருப்பத்தால் சேரத்தக்க ஓர் அவை கிட்டியது எத்துணைப் பெரிய செய்தி என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

இச்சபையை ஜமைக்காவில் முதன்முதல் நிறுவியவர் ஆங்கிலேய மிஷனரி அல்லர். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஜார்ஜ் லைல் என்னும் கறுப்பினத்தவரே அப்பணியைத் தொடங்கினார். 1783ஆம் ஆண்டில் ஜமைக்கா வந்து சேர்ந்த அவர், கைத்தொழில் செய்து தம் செலவைத் தாமே தேடிக்கொண்டு கிங்ஸ்டன் நகரில் போதிக்கலானார். அடிமைகள் தத்தம் உரிமையாளரின் இசைவு பெற்றே சபையில் சேரலாம் என அவர் விதி வகுத்தார்; அக்காலத்தில் அவ்விதியின்றிச் சபை ஒருநாளும் நிலைத்திராது. இராசத்துரோகக் குற்றச்சாட்டின்பேரில் அவர் சிறையும் புகுந்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மோசஸ் பேக்கர் தீவின் மேற்குப் பகுதியாகிய செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் சபையை வளர்த்தார். பணி பெருகியதால் இங்கிலாந்து பாப்டிஸ்டு மிஷனரிச் சங்கத்தின் உதவி நாடப்பெற்றது. அச்சங்கத்தின் முதல் மிஷனரி ஜான் ரோ 1814இல்தான் ஜமைக்காவில் கால்வைத்தார். ஆங்கிலேயர் வருமுன்னரே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அச்சபை கறுப்பின மக்களின் கையில் வளர்ந்திருந்தது என்பது இதனால் பெறப்படும்.

மிஷனரிகள் சிலர், மக்களோ பல்லாயிரவர். ஒரு மிஷனரி பல ஊர்களைக் கவனிக்க வேண்டியிருந்தமையின் சபையார் சிறுசிறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர். அவரும் பெரும்பாலும் ஓர் அடிமையே. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சபைச் சீட்டு ஒன்று வழங்கப்பெற்றது. தலைவர் தம் வகுப்பினரின் நடத்தையை அறிந்து கூறுவார். சீட்டு உரிய காலத்தில் புதுப்பிக்கப்படும். நோயுற்றோரைக் காணல், பிணக்குத் தீர்த்தல், இரவு வேளைகளில் குடிசைகளில் செபக்கூட்டம் நடத்தல் எல்லாம் அத்தலைவர்தம் கடமைகள். தோட்டத்துக்குத் தோட்டம் சென்றுவரவும், நம்பத்தக்கவர் எவர் என அறியவும், பலர் முன்னிலையில் பேசிப் பழகவும் அடிமைகட்குக் கிடைத்த ஒரே களம் இதுவே.

ஷார்ப்பின் இளமையும் பணியும்

1801ஆம் ஆண்டளவில் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் பிறந்தவர் சாமுவேல் ஷார்ப். மான்டிகோ பே நகரில் அதே பெயருடைய வழக்கறிஞர் ஒருவரின் உடைமையாக அவர் இருந்தார். அடிமைக்கு உரிமையாளரின் பெயரே பெயராக அமைவது அக்கால வழக்கம். கரும்பு வயலில் வாடாது நகரத்தில் வாழ்ந்தமையால் எழுத்தறிவு பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. மான்டிகோ பேயில் தாமஸ் பர்ச்சல் என்னும் ஆங்கிலேயர் நடத்திவந்த பாப்டிஸ்டு சபையில் அவர் டீக்கன் ஆனார். விவிலியத்தைத் தாமே படித்துப் பிறர்க்கு விளக்கும் ஆற்றலும், கேட்டாரைப் பிணிக்கும் நாவன்மையும் அவரிடம் இருந்தன. மிஷனரிகளின் கண்காணிப்புக்கு அப்பாற்பட்டுத் தோட்டங்களில் தாமே கூடி வழிபட்டுவந்த கறுப்பின மக்கள் அவரைத் தந்தை என்னும் பொருள்பட அழைத்தனர். அப்போது அவர்க்கு வயது முப்பதே.

விவிலியத்தோடு செய்தித்தாள்களையும் அவர் படித்தார். இங்கிலாந்தில் அடிமை ஒழிப்புக் கோரிக்கை வலுத்து வருவதையும், நாடாளுமன்றத்தில் அது விவாதிக்கப்படுவதையும் அறிந்தார். 1831ஆம் ஆண்டில் ஜமைக்காத் தோட்ட உரிமையாளர்கள் ஊர்தோறும் கூட்டங்கூடி அம்முயற்சியை வன்மையாகக் கண்டித்தனர். பிரிட்டனை விட்டுப் பிரிந்து அமெரிக்காவுடன் சேர்வோம் எனவும் சிலர் முழங்கினர். எசமானர்களின் மேசையருகே நின்று பரிமாறிய அடிமைகளின் செவிகளில் இவையெல்லாம் விழுந்தன. அரசர் விடுதலை அளித்துவிட்டார், தோட்டக்காரர் அதனை மறைக்கின்றனர் என்னும் செய்தி காட்டுத்தீயெனப் பரவியது. அச்செய்தி உண்மையன்று. ஆயினும் மனிதனை மனிதன் உடைமையாக்கிக் கொள்ளல் ஆகாது என்பது ஷார்ப்பின் துணிபு. இரு தலைவர்க்கு ஒருங்கே பணிசெய்தல் இயலாது என்ற விவிலியப் போதனையை அவர் தம் வாழ்வுக்கு உரியதாகவே கொண்டார்.

வேலைநிறுத்தத் திட்டம்

ஷார்ப் வகுத்த திட்டம் அக்காலத்தை நோக்க வியப்பளிப்பதாகும். கிறித்துமஸ் விடுமுறை முடிந்தபின் அடிமைகள் எவரும் வேலைக்குச் செல்லலாகாது. கூலி தருவதாக ஒப்பினால் மட்டுமே செல்லுதல் வேண்டும். தாமாக எவரையும் தாக்கலாகாது. தம்மை வலிந்து தாக்கினால் மட்டுமே எதிர்த்து நிற்றல் வேண்டும். இதுவே அத்திட்டத்தின் சாரம். அவர் தேர்ந்த காலமும் கருதத்தக்கது. விடுமுறைக்குப் பின்னரே கரும்பு வெட்டு முழுவீச்சில் தொடங்கும். முற்றிய கரும்பு வெட்டப்படாது நின்றால் இழப்பு உரிமையாளர்க்கே. சவுக்கும் துப்பாக்கியும் இல்லாதவரிடம் இருந்த ஒரே வலிமை உழைப்பு. அவ்வுழைப்பை ஒருங்கே நிறுத்துவதே ஷார்ப் கண்ட வழி.

இத்திட்டத்தைப் பரப்புதற்குச் சபையின் அமைப்பே துணைநின்றது. செபக்கூட்டம் முடிந்து ஏனையோர் கலைந்த பின்னர் நம்பத்தக்கோர் சிலர் மட்டும் தங்குவர். ரெட்ரீவ் தோட்டத்தில் நடந்த அத்தகைய கூட்டமொன்றில் ஷார்ப் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். வந்தோர் விவிலியத்தின்மேல் உறுதிமொழி எடுத்தனர். வகுப்புத் தலைவர்கள் வழியே அவ்வுறுதி தோட்டந்தோறும் சென்றது. மிஷனரிகள் இதனை அறியார். எனினும் எல்லாரும் ஷார்ப்பைப் போன்றவர் அல்லர். ஆயுதம் ஏந்தியே தீரவேண்டும் எனக் கருதிய சிலர் படைக்குழு ஒன்றையும் உடன் அமைத்தனர். அமைதியான மறுப்பும் ஆயுத எதிர்ப்பும் ஒரே இயக்கத்தில் அருகருகே நின்றன என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மை ஆகாது.

தீயும் தூக்கும்

1831ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் சால்ட்டர்ஸ் ஹில் என்னும் ஊரில் புதிய பாப்டிஸ்டு ஆலயம் திறக்கப்பட்டது. ஃபால்மவுத் நகர மிஷனரியாகிய வில்லியம் நிப் அங்கு வந்திருந்தார். விடுதலை வந்துவிட்டதாகப் பேசப்படுவது பொய்யென்றும், அனைவரும் வேலைக்குத் திரும்புதலே தக்கதென்றும் அவர் அறிவுரை கூறினார். கேட்டோர் முகங்கள் வாடின. அன்றிரவே கென்சிங்டன் தோட்டத்தில் தீ எழுந்தது. குன்றின்மேல் எழுந்த அத்தீயைக் கண்டு அடுத்தடுத்த குன்றுகளிலும் தீ எழுந்தது. ஷார்ப் எண்ணிய வேலைநிறுத்தம் அவர் கையை மீறிப் பெருங்கிளர்ச்சி ஆயிற்று. மேற்கு வட்டாரங்களில் இருபதினாயிரம் முதல் அறுபதினாயிரம் வரையிலானோர் இதிற் கலந்துகொண்டதாக ஆய்வாளர் கணக்கிடுவர். மக்கள் இதனைப் பாப்டிஸ்டுப் போர் என்றே பெயரிட்டு வழங்கினர்.

ஓரிரு வாரங்களில் படையினர் கிளர்ச்சியை அடக்கினர். கிளர்ச்சியில் கொல்லப்பட்ட வெள்ளையர் 14 பேர். அடக்குமுறையில் இறந்த அடிமைகளோ 200க்கும் மேற்பட்டோர். அதன்பின் விசாரணை என்னும் பெயரால் 300க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். இவ்வெண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், தாக்கியவர் எவர், தாக்கப்பட்டவர் எவர் என்பது எவரும் கூறாமலே விளங்கும்.

ஷார்ப் 1832 ஏப்ரல் 19ஆம் நாள் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார். சிறையில் அவரைப் பலமுறை கண்டு பேசிய ஹென்றி பிளெபி என்னும் மெதடிஸ்டு மிஷனரி பின்னாளில் எழுதிய நூலே இன்று நாம் அவர்தம் உள்ளத்தை அறியத் துணைபுரிகின்றது. உயிரிழப்பும் பொருளழிவும் நேர்ந்தமைக்காக ஷார்ப் வருந்தினார். விடுதலையை விரும்பியமைக்காக வருந்தவில்லை. அடிமையாய் வாழ்தலினும் தூக்குமரமே தமக்கு ஏற்றது என்பதே இறுதிவரை அவர் கொண்டிருந்த நிலை. மே 23ஆம் நாள் மான்டிகோ பே சந்தைவெளியில் அவர் தூக்கிலிடப்பட்டார். அன்று அவர் அணிந்திருந்த புதிய வெண்ணிற ஆடை, அவருடைய உரிமையாளர் குடும்பத்துப் பெண்கள் தைத்தளித்தது என்பர். அவர் உடல் துறைமுகத்து மணலில் புதைக்கப்பட்டது. பின்னர் அவ்வென்புகள் தோண்டியெடுக்கப்பெற்று அவர் ஊழியஞ்செய்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றன. அவரை இழந்தமைக்கு ஈடாக உரிமையாளர்க்கு அரசு வழங்கிய தொகை 16 பவுன் 10 ஷில்லிங்.

ஆயர்கள் கற்ற பாடம்

கிளர்ச்சிக்குக் காரணம் மிஷனரிகளே எனத் தோட்டக்காரர் குற்றஞ்சாட்டினர். நிப் முதலானோர் கைதாயினர். இங்கிலாந்து சென்றிருந்த பர்ச்சல் திரும்பி வந்தபோது கப்பலிலேயே கைது செய்யப்பட்டார். சான்று எதுவும் இன்மையால் அனைவரும் விடுவிக்கப்பட நேர்ந்தது. 1832 பிப்ரவரியில் மான்டிகோ பே, ஃபால்மவுத் ஆலயங்கள் உள்ளிட்ட பல ஆலயங்கள் வெள்ளையர் கும்பல்களாலும் ஊர்க்காவற் படையினராலும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. அடிமைகளுக்குப் பொறுமையைப் போதித்த மிஷனரிகளா, பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டென்று கண்ட ஷார்ப்பா, சபையின் போதனையைச் சரியாக உணர்ந்தவர் எவர்? அரசியலில் தலையிடலாகாது என்பது மிஷனரிகளுக்குத் தாய்ச்சங்கம் இட்ட கட்டளை. அதற்கு அடங்கியே நிப் அன்று சால்ட்டர்ஸ் ஹில்லில் பேசினார். ஆனால் தம் சபையார் சவுக்கடிக்கும் தூக்குக்கும் இரையாவதைக் கண்டபின் அவரால் வாளாவிருக்க இயலவில்லை. 1832ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து சென்று, அடக்கிப் பேசுமாறு கூறப்பட்ட அறிவுரையையும் புறந்தள்ளி, மாபெருங்கூட்டங்களிலும் நாடாளுமன்றக் குழுக்களின் முன்பும் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். ஆடுகள் முன்னே நடக்க ஆயர் பின்னே சென்ற காட்சி இது என்று கூறின் மிகையாகாது. ஷார்ப்பின் பெயரைச் சொல்லாவிடினும் நிப் அங்கே ஷார்ப்பின் வழக்கையே பேசினார்.

1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1834 ஆகஸ்டு 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தபோதிலும், தொழில்பயில்வோர் என்னும் பெயரில் பழைய எசமானர்க்கே உழைக்கும் நிலை மேலும் நான்காண்டுகள் நீடித்தது. உரிமையாளர்கட்கு இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. உழைத்தவர்க்கோ ஒரு காசும் இல்லை. 1838 ஆகஸ்டு 1ஆம் நாளில்தான் முழு விடுதலை மலர்ந்தது. அதற்கு முந்தைய இரவு ஃபால்மவுத்தில் நிப்பின் சபையார் கூடி விழித்திருந்தனர். நள்ளிரவு கடந்ததும் சவுக்கு, சங்கிலி, கழுத்திரும்பு ஆகியவற்றைப் பெட்டியிலிட்டுப் பிணம்போலப் புதைத்தனர். ஷார்ப் மறைந்து அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன.

விடுதலைக்குப் பின்

விடுதலை பெற்றவர்க்கு நிலமில்லை. குடியிருந்த குடிசையும் தோட்டக்காரர்க்கே உரியது. வாடகையை உயர்த்தியும் வெளியேற்றுவதாக அச்சுறுத்தியும் அவர்களை மீண்டும் வளைக்கத் தோட்டக்காரர் முயன்றனர். அந்நிலையில் சபைகளே கைகொடுத்தன. ஜேம்ஸ் ஃபிலிப்போ என்னும் பாப்டிஸ்டு போதகர் 1835ஆம் ஆண்டிலேயே ஸ்பானிஷ் டவுன் நகரை அடுத்த மலைப்பகுதியில் நிலம் வாங்கினார். அங்கெழுந்த ஸ்லைகோவில் என்னும் ஊர் விடுதலை ஊர்களுள் முதலாவதாகக் கருதப்படுகின்றது. சபையின் பெயரால் பெருநிலம் வாங்குதல், அதனைச் சிறு மனைகளாகப் பிரித்தல், குடும்பங்கட்குத் தவணை முறையில் விற்றல், நடுவே ஆலயமும் பள்ளியும் எழுப்புதல் என்பதே அவ்வூர்களின் அமைப்பு முறை. நிலம் உடையவர்க்கு வாக்குரிமையும் கிட்டியது. முன்னாள் அடிமைகள் குடிமக்களாக வளர்ந்த கதை இவ்வூர்களில்தான் தொடங்குகின்றது.

1842இல் ஜமைக்காச் சபைகள் இங்கிலாந்துச் சங்கத்தின் பொருளுதவி இனி வேண்டா எனத் துணிந்து தற்சார்பை மேற்கொண்டன. 1843இல் உள்நாட்டுப் போதகர்களை உருவாக்கக் கலபார் கல்லூரி தோன்றியது. அதே காலத்தில் ஜமைக்காச் சபையாருள் சிலர் தம் முன்னோர் மண்ணாகிய மேற்கு ஆப்பிரிக்காவுக்கே சமயப்பணிக்குச் சென்றனர். 1849இல் ஜமைக்கா பாப்டிஸ்டு ஒன்றியம் அமைந்தது. இன்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட சபைகள் அதில் அடங்கியுள்ளன.

துன்பம் முற்றும் நீங்கிவிட்டது என்பதற்கில்லை. முன்னாள் அடிமைகள் தோட்ட வேலையை விட்டகன்றமையால், 1845ஆம் ஆண்டு முதல் நம் இந்திய நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஜமைக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1865இல் மோரன்ட் பே நகரில் நீதி கேட்டு எழுந்த பால் போகிளும் பாப்டிஸ்டு டீக்கனே. அவரும் தூக்கிலிடப்பட்டார். ஷார்ப் தொடங்கிய வழக்கு ஒரு தலைமுறையில் முடிந்துவிடவில்லை என்பதையே இவை உணர்த்துகின்றன.

நாம் கொள்ளத்தக்கது

1975ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற ஜமைக்கா அரசு சாம் ஷார்ப்பைத் தேசிய வீரராக அறிவித்தது. அவர் தூக்கிலிடப்பட்ட மான்டிகோ பே சதுக்கம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அங்கே அவர் கையில் விவிலியத்தோடு மக்களிடம் பேசுவதுபோல் சிலை அமைந்துள்ளது. 2007ஆம் ஆண்டில் பிரிட்டானிய பாப்டிஸ்டு ஒன்றியம் அடிமை வணிகத்தில் தம் நாட்டார்க்கு இருந்த பங்கிற்காக மன்னிப்புக் கோரியது. அரசு 16 பவுனாக விலையிட்ட மனிதரை நாடே தன் வீரராகப் போற்றும் நிலை வந்துற்றது.

ஷார்ப் வென்றாரா, தோற்றாரா என்று வினவுவோர் உளர். அவர் திட்டமிட்ட வேலைநிறுத்தம் நடவாது போயிற்று. அவர் விரும்பாத குருதியும் சிந்திற்று. அவ்வகையில் அது தோல்வியே. ஆயினும் அடிமைகள் தம் நிலையில் மனநிறைவு கொண்டுள்ளனர் என்று இலண்டனில் பேசிவந்தோரின் வாய் அடைபட்டது அந்த எழுச்சியால்தான். அதன்பின் ஈராண்டிற்குள் சட்டம் வந்தது. இங்கிலாந்துப் பெருமக்களின் இரக்கம் மட்டுமே அச்சட்டத்தைக் கொணர்ந்தது எனக் கூறுவது வரலாற்றின் ஒரு பாதியையே கூறுவதாகும்.

மானம் என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்த நமக்கு ஷார்ப்பின் உள்ளம் அயலானதன்று. வகுப்பில் பத்துப்பேரை நடத்தவும், ஓர் ஏட்டைப் படித்துப் பிறர்க்குப் பொருள் சொல்லவும், கொடுத்த வாக்கைக் காக்கவும் ஓர் எளிய சபை அவரைப் பழக்கியது. அப்பழக்கமே வேளை வந்தபோது பல்லாயிரவரை நடத்தும் ஆற்றலாக அவரிடம் வெளிப்பட்டது. பள்ளிவாசலாயினும் கோயிலாயினும் ஆலயமாயினும், எளியோர் கூடிக் கற்கும் இடங்களை நடத்திவரும் பெரியோர்கள் தம் பணியின் பயனை உடனே காணாமற் போகலாம். கற்பித்தவர் எண்ணியும் பாராத பொருளைக் கற்றவர் அதிற் கண்டுகொள்வதும் உண்டு. ஷார்ப்பின் ஆசிரியர்கள் அவ்வாறே தம் மாணவரைக் காலங்கடந்து அறிந்தனர். மான்டிகோ பேயை அடுத்த கிரான்வில் ஒரு பழைய விடுதலை ஊர். அங்கே இளைஞர்கள் இன்று ஆசிரியப் பயிற்சி பெறும் கல்லூரிக்குச் சாம் ஷார்ப்பின் பெயரே சூட்டப்பெற்றுள்ளது. தாம் கற்ற எழுத்தைத் தம் மக்களுக்குப் பயன்படுத்திய அவருக்கு அதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறொன்று இருத்தல் அரிது.